ஒலிவ மரங்களில் இலைக்கருகல்: இத்தாலியில் வியாதியைக் கண்டறிந்த விவரம்

இத்தாலி தேசத்தின் தென்கிழக்குக் கோடியில் அபூலியா என்னும் மாகாணம் உளது. அதன் முனையாகிய சலெந்தோ பிரதேசத்தில் ஒலிவ மரமே குடியானவரின் பிரதான ஆஸ்தி. பல தலைமுறை கண்ட மரங்கள் அங்கு ஏராளம். கல்லிப்போலி என்னும் ஊரைச் சுற்றிய தோப்புகளில், 2013-ஆம் வருஷத்துக்கு முன்னரே, சில மரங்கள் உச்சிக் கொம்புகளினின்று கருகத் தொடங்கின. முதலில் இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்தன. பின்பு சிறு கிளைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக உலர்ந்தன. முடிவில் மரமே பட்டுப்போயிற்று.

கட்டையைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் புழுவும் ஒருவகைப் பூஞ்சணமும் அம்மரங்களில் காணப்பட்டமையால், அவையே காரணமென்று எண்ண இடமிருந்தது. ஆயினும், தோப்புகளை அடுத்திருந்த அரளியிலும் வாதுமையிலும் அதே கருகல் தென்பட்டது. 2013 அக்டோபரில் பாரி நகரத்து ஆராய்ச்சியாளர் இம்மூன்றின் இலைகளையும் சோதித்து, 'சைலெல்லா பாஸ்டிடியோசா' என்னும் பாக்டீரியாவின் அடையாளத்தைக் கண்டனர். கலிபோர்னியாவில் திராட்சைக் கொடிகளை அழித்த வியாதியை நியூட்டன் பியர்ஸ் என்பவர் 1892-லேயே விவரித்திருந்தார். அதற்குக் காரணமும் இப்பாக்டீரியாவே. ஐரோப்பாவின் தோப்புகளில் அது கண்டறியப்பட்டது அதுவே முதல் தடவை. அபூலியாவில் பரவிய வகை கோஸ்டாரிக்கா தேசத்துக் காப்பிச் செடிகளில் உள்ள வகையோடு ஒத்திருந்தபடியால், அலங்காரச் செடிகளுடன் அது கடல் கடந்து வந்திருக்கலாம் என்பது அறிஞர் அபிப்பிராயம்.

இப்பாக்டீரியா, வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றும் நுண்குழாய்களில் பெருகி அவற்றை அடைத்துவிடும். மண்ணில் ஈரமிருந்தும் மரம் தாகத்தால் வாடும். வறட்சியென்று ஏமாறுவதற்கு இதுவே காரணம். மரத்துக்கு மரம் அதைக் கொண்டு செல்வது ஒரு சிறு தத்துப்பூச்சி. அதன் குஞ்சுகள் வசந்த காலத்தில் களைகளின் மேல் எச்சில் போன்ற நுரைக்குள் இருக்கும். வளர்ந்தபின் ஒலிவ மரமேறிச் சாற்றை உறிஞ்சும்.

கண்ணுக்குப் புலப்படும் கருகலை மட்டும் நம்புவோர் காலந்தாழ்ந்தே விழித்தெழுவர். வியாதி தொற்றிய மரம் மாதக்கணக்கில், சிலபோது ஒரு வருஷத்துக்கும் மேலாக, செழிப்பாகவே தோன்றும். அதற்குள் பூச்சி அதனின்று நஞ்சைச் சுமந்து போய்விடும். ஆகையால் புதிதாய்ச் சந்தேகிக்கப்படும் ஊரில், கருகிய மரத்தோடு அதனைச் சூழ்ந்த பசிய மரங்களையும் சோதித்தல் அவசியம். பாக்டீரியா மரமெங்கும் சமமாய்ப் பரவாதாதலால், தலைப்பின் நாற்புறத்தினின்றும் முதிர்ந்த இலைகள் பறிக்கப்பட வேண்டும். இலைக்காம்பையும் நடுநரம்பையும் ஆய்வுக்கூடத்தில் எலைசா, பி.சி.ஆர். என்னும் முறைகளால் பரிசோதிப்பர். வலை வீசிப் பிடித்த பூச்சிகளையும் சோதிப்பதுண்டு. வெளிக்குறி தோன்றுமுன்னரே வியாதியுற்ற மரங்களை ஆகாய விமானத்திலிருந்து எடுக்கும் நிறமாலைப் படங்களால் பெரும்பாலும் பிரித்தறியலாம் என 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

இவ்வியாதிக்கு மருந்து கிடையாது. வியாதியுள்ள மரத்தையும் அதனைச் சூழ்ந்து நூறு மீட்டருக்குள் தொற்றுக்கு இடந்தரும் செடிகொடிகளையும் அகற்ற வேண்டுமென்று ஐரோப்பிய யூனியன் 2015-இல் விதித்தது. நோயற்றதாய்த் தோன்றும் மரத்தை வெட்டச் சொன்னால் எந்த மிராசுதாரருக்குத்தான் மனம் வரும்? எதிர்ப்பு மூண்டது, 2015 டிசம்பரில் லெச்சே நகரத்து அரசாங்க வழக்குரைஞர்கள் வெட்டுதலையே நிறுத்தி வைத்தனர். விதி செல்லுமென 2016-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் வழக்குக்காகப் பூச்சி காத்திருக்கவில்லை. வியாதி வடக்கே பிரிந்திசி ஜில்லாவைக் கடந்து பாரி ஜில்லாவையும் எட்டிற்று. பின்னர் 2020-இல் அத்தூரம் ஐம்பது மீட்டராகக் குறைக்கப்பட்டது.

பாழான தோப்புகளில் இப்பொழுது லெச்சீனோ முதலிய, வியாதியைத் தாங்கும் ஜாதிகள் நடப்படுகின்றன. நுரைக்குள்ளிருக்கும் குஞ்சுகள் சிறகு முளைத்து மரமேறுமுன் களைகளை உழுது மடக்குதல் அங்கு வசந்த காலத்துக் கட்டாய வேலையாகியுள்ளது.