உண்ணிக் காய்ச்சல்

வனத்து அந்தோணியார் திருநாளன்று வளர்ப்புப் பிராணிகளை மந்திரிக்கும் வழக்கம் நம் பங்கில் உண்டு. சென்ற சனவரி 17-ஆம் நாள், மூக்கிலிருந்து இரத்தம் கசிந்த நாயொன்றைச் சிறுவன் ஒருவன் தூக்கி வந்தான். "உடற்சூடுதான், சாமி" என்றார் தந்தையார். நாமும் தீர்த்தம் தெளித்து அனுப்பிவிட்டோம். மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்லத் தோன்றாமற்போனது நம் குறையே.

நான்கு நாட்களுக்குப் பின்னரே கால்நடை மருத்துவர் அதைக் கண்டார். உதட்டை விலக்கி, ஈறு வெளுத்திருப்பதைப் பார்த்தார். வயிற்றைத் தடவி, மண்ணீரல் வீங்கியிருப்பதை உணர்ந்தார். இரத்தத்தில் தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தன. நாயுண்ணி கடிப்பதால் பரவும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரே காரணம் என்றார். 1935-இல் அல்ஜீரியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இக்கிருமி வெள்ளணுக்களுக்குள் குடியிருப்பது. நுண்ணோக்கியில் அகப்படவில்லை என்பதற்காக நோயில்லை என்றாகிவிடாது.

டாக்சிசைக்ளின் மருந்தை மருத்துவர் குறித்த அளவில் 28 நாட்கள் கொடுக்கவேண்டும். இரண்டொரு நாளிலேயே நாய் எழுந்து வாலாட்டும். இங்கேதான் பலர் நிறுத்திவிடுகின்றனர். எஞ்சிய கிருமி மாதக்கணக்கில் ஒளிந்திருந்து எலும்பு மஜ்ஜையையே கெடுத்துவிடக்கூடும். காய்ச்சலுக்கென்று நம் வீட்டு ஆஸ்பிரினைக் கொடுத்தாலோ இரத்தக்கசிவு மிகும். (பூனைக்கு ஒரேயொரு பாரசிட்டமால் மாத்திரையும் உயிரைப் போக்கிவிடலாம்.)

அச்சிறுவன் நாட்காட்டியில் நாள்தோறும் சிலுவைக்குறியிட்டு 28 நாட்களையும் நிறைவேற்றினான். உண்ணிகள் பதுங்கிய சுவர் வெடிப்புகளைத் தந்தையார் பூசி அடைத்தார். வரும் திருநாளில், தீர்த்தம் தெளிக்குமுன் ஈறுகளை நாமே பார்ப்பதாக இருக்கிறோம்.