பன்னிரண்டு வயதுக்குள் ஒரே விளையாட்டா?

தொடக்கநிலை 6ல் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் மே மாதம் நெருங்கும்போது ஒரு கேள்வி எழும். நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு எந்த விளையாட்டை முன்வைத்து விண்ணப்பிப்பது? இதை மனத்தில் வைத்து, எட்டு வயதிலேயே காற்பந்தையும் நீச்சலையும் நிறுத்திவிட்டுப் பூப்பந்துப் பயிற்சிக்கு மட்டும் வாரம் ஐந்து நாள் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் உண்டு.

அவர்களின் அக்கறை புரிகிறது. ஆனால், மருத்துவர்கள் சொல்வது வேறு.

வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் மென்மையான வளர்ச்சிப் பகுதி இருக்கும். ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை செய்யும்போது முழங்கால், தோள், முழங்கை ஆகியவற்றில் உள்ள அப்பகுதிகள் ஓய்வின்றித் தேய்கின்றன. வெவ்வேறு விளையாட்டுகளில் ஈடுபடும் பிள்ளைக்கு அந்தச் சுமை பல தசைகளுக்குப் பிரிந்துபோகிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016ல் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான விளையாட்டுகளில் 15 அல்லது 16 வயதுவரை பிள்ளைகள் ஒன்றில் மட்டும் முடங்க வேண்டாம் என்கிறது. வாரத்தில் ஓரிரு நாளும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதமும் முதன்மை விளையாட்டிலிருந்து ஓய்வு தரவும் அது பரிந்துரைக்கிறது. விளையாட்டு மருத்துவர்கள் கூறும் எளிய கணக்கு ஒன்றும் உண்டு. வாரப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது. பத்து வயது என்றால் பத்து மணி நேரம்.

ஜிம்னாஸ்டிக்ஸ், முக்குளிப்பு போன்றவை விதிவிலக்கு. அவற்றில் இளம் வயதிலேயே உச்சத்தை எட்ட வேண்டியிருக்கும்.

‘நிக்கோல் டேவிட் ஐந்து வயதிலேயே ஸ்குவாஷ் மட்டையைப் பிடித்தாரே’ என்று கேட்கலாம். உண்மைதான். எட்டு முறை உலக வெற்றியாளர் ஆனார். ஆனால், அதே வயதில் தொடங்கி, காயத்தாலோ சலிப்பாலோ விலகியவர்களின் பெயர் நமக்குத் தெரிவதில்லை.

பத்து, பன்னிரண்டு வயதில் பதக்கம் வெல்பவர் பல நேரங்களில் முன்கூட்டியே வளர்ந்த பிள்ளை. மற்றவர்கள் பின்னர் வளர்ந்து எட்டிப்பிடித்துவிடுவார்கள். சிங்கப்பூரின் சாந்தி பெரேரா 2023ல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 27.

பள்ளிச் சேர்க்கையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேரடிச் சேர்க்கையில் இடத்தை ஏற்றபின் வேறு பள்ளிக்கு மாற அனுமதி இல்லை. எந்தத் திறனுக்காகச் சேர்ந்தாரோ அதைத் தொடர்வார் என்றே பள்ளியும் எதிர்பார்க்கும். பன்னிரண்டு வயதிலேயே சலித்துப்போன பிள்ளைக்கு அந்த நான்கைந்து ஆண்டுகள் பாரமாகிவிடும்.

ஆகவே, விண்ணப்பிக்குமுன் பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள். பயிற்சி இல்லாத நாளிலும் இந்த விளையாட்டை ஆட உனக்குப் பிடிக்குமா? தயங்கினால், வற்புறுத்த வேண்டாம். உயர்நிலை 1ல் இணைப்பாட நடவடிக்கையாகப் புதிய விளையாட்டைத் தொடங்கவும் வழி இருக்கிறது.