ஒல்லியான உடலிலும் மறைந்திருக்கும் கொழுப்பு: இரத்த அழுத்த அபாயத்தைக் கணிக்க இந்திய மரபணுத் தரவு ஏன் அவசியம்?

பெங்களூரு: உடல் பருமன் உள்ளவர்களுக்கே உயர் இரத்த அழுத்தம் ஏற்படும் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால், உடல் எடை மட்டுமே இந்த அபாயத்தைத் தீர்மானிப்பதில்லை. கொழுப்பு உடலில் எங்கு சேர்கிறது என்பதும், அதை வழிநடத்தும் மரபணுக்களும் முக்கியப் பங்கு வகிக்கின்றன.

புனேவைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கின் ஆகியோர் தங்களையே ஒப்பிட்டு 2004-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டனர். இருவரின் உடல் நிறை குறியெண்ணும் 22.3 மட்டுமே. எனினும், யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதமாகவும், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதமாகவும் இருந்தது.

கொழுப்பு அழுத்தத்தை உயர்த்துவது எப்படி?

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, இரத்த நாளங்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாவதற்கான மூலப்புரதத்தைச் சுரக்கிறது. கொழுப்பு செல்கள் சுரக்கும் லெப்டின் ஹார்மோன் நரம்பு மண்டலத்தைத் தூண்டுகிறது. இதனால் சிறுநீரகங்கள் அதிக உப்பைத் தக்கவைத்துக்கொள்ள, இரத்த அழுத்தம் உயர்கிறது.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் இணைந்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாகின. அதன்படி நாட்டில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தம் உள்ளது. பொதுவான உடல் பருமன் 28.6 சதவீதமாக இருக்க, வயிற்றுப் பருமன் 39.5 சதவீதமாக உள்ளது.

மரபணுக்களின் பங்கு

ஐரோப்பிய வம்சாவளியினர் 10 லட்சத்துக்கும் அதிகமானோரிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வு, இரத்த அழுத்தத்துடன் தொடர்புடைய 2,000-க்கும் மேற்பட்ட மரபணுக் குறியீடுகளை அடையாளம் கண்டது. ஆனால், அந்த முடிவுகளை இந்தியர்களுக்கு அப்படியே பொருத்த இயலாது.

அட்ரினலின் போன்ற ஹார்மோன்களின் சுரப்பைக் கட்டுப்படுத்தும் கேட்டஸ்டேட்டின் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அதில் காணப்படும் ஒரு மாறுபாடு அமெரிக்க ஆண்களுக்குப் பாதுகாப்பு அளிப்பதாக 2007-ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. அதே மாறுபாடு இந்தியர்களிடம் அபாயத்தை அதிகரிப்பதாகச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2016-இல் தெரிவித்தனர்.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியே 'ஜீனோம் இந்தியா' திட்டம். பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியுடன் இதை ஒருங்கிணைத்தது. 83 சமூகக் குழுக்களைச் சேர்ந்த 9,772 பேரின் மரபணுத் தொகுதிகள் பற்றிய முதற்கட்ட முடிவுகள் 2025-இல் வெளியாகின. இத்தரவுகள் ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

மக்கள் செய்ய வேண்டியது என்ன?

மரபணு மாறுபாடு நோய்க்கான சாத்தியத்தையே காட்டுகிறது. நோய் வந்தே தீரும் என்பது அதன் பொருளன்று. இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்புச் சுற்றளவைத் தாண்டினால் கவனம் தேவை. பெற்றோருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பின், ஒல்லியாக இருப்பவர்களும் ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. உப்பைக் குறைப்பதும் நாள்தோறும் நடைப்பயிற்சி மேற்கொள்வதும் மரபணு எதுவாயினும் பலன் தரும்.