மலபார் யதீம்கானாக்கள்: புகலிடமும் மறுவாழ்வும்

பருவ வயதை எட்டுமுன் தந்தையை இழந்த குழந்தையை அரபு மொழியில் ‘யதீம்’ என்பர். தமிழ் முஸ்லிம்களிடையே இச்சொல் ‘எத்தீம்’ என வழங்கும். ‘கானா’ என்பது இல்லத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். இவ்விரண்டும் இணைந்து உருவானதே ‘யதீம்கானா’ என்னும் பெயர். இப்பெயரைத் தமிழில் ‘அநாதை இல்லம்’ என்று மொழிபெயர்ப்பது வழக்கமாயினும், பொருளில் சிறு வேறுபாடு உண்டு. தாயும் தந்தையும் அற்ற குழந்தையையே நாம் பொதுவாக அநாதை என்கிறோம். யதீமுக்கோ பெரும்பாலும் தாய் இருப்பாள். அவளுக்கு வருவாய் இராது.

சொல்லளவில் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடே, வடகேரளமாகிய மலபார்ப் பகுதியில் முஸ்லிம் அறநிலையங்கள் நடத்திவரும் இல்லங்களின் வரலாற்றையும், அவை இன்று எதிர்நோக்கும் சிக்கலையும் விளங்கிக்கொள்வதற்குத் திறவுகோலாகும்.

தோற்றம்

1921ஆம் ஆண்டு மலபாரில் மூண்ட மாப்பிள்ளைக் கிளர்ச்சியின்போது அப்பகுதி சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாக இருந்தது. கிளர்ச்சி அடக்கப்பட்டபோது 2,339 பேர் கொல்லப்பட்டதாக அன்றைய அரசின் கணக்கு கூறுகிறது. பல்லாயிரவர் கைதாயினர். பலர் பெல்லாரி முதலிய சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். சிலர் அந்தமானுக்கு நாடு கடத்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் மாதம் திரூரிலிருந்து மூடிய சரக்கு வண்டியில் அடைத்து அனுப்பப்பட்ட கைதிகளுள் 60க்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி இறந்தனர். அந்த வண்டி கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் திறக்கப்பட்டபோதுதான் கொடுமை வெளிப்பட்டது. உழுது பிழைத்த ஆண்கள் மறைந்தபின், ஏர்நாடு, வள்ளுவநாடு வட்டங்களில் எஞ்சியவர்கள் பெண்களும் குழந்தைகளுமே.

அக்குழந்தைகளுக்காகப் பஞ்சாபைச் சேர்ந்த விடுதலை இயக்கத் தலைவர் மௌலானா அப்துல் காதிர் கசூரி முன்வந்தார். அவருடைய முயற்சியால் 1922இல் கோழிக்கோட்டில் ஜே.டி.டி. இஸ்லாம் அநாதை இல்லம் தொடங்கப்பெற்றது. மலபாரின் துயரைத் துடைக்க லாகூர்ப் பக்கத்திலிருந்து உதவி வந்தது என்பது அக்கால தேசிய உணர்வின் சிறந்த அடையாளமாகும்.

இரண்டாவது அலை 1943இல் எழுந்தது. உலகப் போரின் விளைவான அரிசிப் பஞ்சமும், அதனுடன் பரவிய காலராவும் மலபாரில் எண்ணற்ற குடும்பங்களைச் சிதைத்தன. அவ்வாண்டிலேயே திரூரங்காடியில் முஸ்லிம் அநாதை இல்லம் நிறுவப்பட்டது. கே.எம். மௌலவி, எம்.கே. ஹாஜி ஆகியோர் இதற்கு உழைத்தவர்களுள் முதன்மையானவர்கள். நாடு விடுதலை பெற்றபின் 1956இல் முக்கம் என்னும் ஊரிலும், 1967இல் வயநாட்டின் முட்டில் என்னும் ஊரிலும் இத்தகைய இல்லங்கள் தோன்றின. போரும் நோயும் தந்த அவசரத்தில் முளைத்த புகலிடம், காலப்போக்கில் வறுமைக்கு எதிரான நிலையான அமைப்பாக வேரூன்றியது.

நிதி ஆதாரங்கள்

இவ்வில்லங்களின் வருவாய் பல வழிகளில் வருகிறது. முதலாவது ஜகாத். குறித்த அளவுக்கு மேற்பட்ட சேமிப்பு ஓராண்டுக் காலம் ஒருவரிடம் இருக்குமாயின், அதில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை அவர் ஏழைகளுக்கு அளிப்பது கடமையாகும். ரமலான் மாதத்தில் இத்தொகை மிகுதியாகத் திரட்டப்படுகிறது. இரண்டாவது, விருப்பக் கொடையாகிய ஸதகா. மூன்றாவது, நிலம், தென்னந்தோப்பு, கடை போன்ற வக்பு சொத்துகளின் வருமானம். பக்ரீத் நாளில் பலியிடப்படும் ஆடுமாடுகளின் தோலை யதீம்கானாவுக்கு வழங்கும் வழக்கமும் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளில் பணிபுரியும் மலையாளிகளின் நன்கொடை பெரும் வலிமை சேர்த்தது.

ஜகாத் பணத்தைச் செலவிடுவதில் கண்டிப்பான வரையறை உள்ளது. குர்ஆன் குறிப்பிடும் எட்டு வகையினருக்கே அது உரியது. எனவே குழந்தைகளின் உணவு, உடை ஆகியவற்றுக்கு அதனைப் பயன்படுத்தினாலும், கட்டடம் எழுப்ப வேறு நன்கொடையையே நாட வேண்டும் என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து. யதீமின் பொருளை உண்பது கொடிய பாவம் என்ற அச்சமும் இதனுடன் சேர்ந்து கொள்கிறது. சமயத்தின் இந்தக் கட்டுப்பாடு தனித்தனிக் கணக்கு வைக்கும் பழக்கத்திற்கு அடிகோலியது. தணிக்கை அதிகாரி இதனை அறிந்திருப்பது நலம்.

அன்றாட வாழ்வும் கல்வியும்

இல்லத்தின் நாள் வைகறைத் தொழுகையுடன் தொடங்குகிறது. காலையில் மதரஸா வகுப்பு, அதன்பின் உணவு, பத்து மணியளவில் பள்ளி. மாலையில் விளையாட்டு. அந்தி மயங்கும் நேரத்து மக்ரிப் தொழுகைக்குப்பின் பாடம் படித்தல், இரவு உணவு, உறக்கம் என்று ஒழுங்கு அமைந்திருக்கும். நூறு குழந்தைகளுக்கு உலை வைக்கும் சமையலறையும், நோயுற்றவரைப் பிரித்து வைக்கும் அறையும், துணி துவைக்கும் முறையும் வெளியார் கண்ணுக்குப் புலனாகாத பெரும் நிருவாகப் பொறுப்புகளாகும்.

தொடக்கத்தில் உணவும் உறைவிடமும் மட்டுமே தந்த இல்லங்கள், விரைவில் கல்வியே நிலையான மறுவாழ்வு என்பதை உணர்ந்தன. கேரளத்தில் உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அரசே ஊதியம் வழங்கும் முறை இதற்கு உதவிற்று. இல்லக் குழந்தைகளுக்கென ஏற்பட்ட பள்ளிகள் ஊரார் குழந்தைகளுக்கும் திறந்துவிடப்பட்டன. திரூரங்காடி இல்லக் குழு 1968இல் பி.எஸ்.எம்.ஓ. கல்லூரியை நிறுவியது. முக்கம் இல்லத்தின் முயற்சியால் 1982இல் எம்.ஏ.எம்.ஓ. கல்லூரி தோன்றியது. இவ்விரு பெயர்களிலும் இறுதியில் நிற்கும் ‘ஓ’ என்னும் எழுத்து அநாதை இல்லத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாகும். கோழிக்கோட்டு ஜே.டி.டி. நிறுவனம் தொழிற்பயிற்சி நிலையம், பாலிடெக்னிக் என விரிந்தது.

இக்கல்வியின் பயனுக்கு முகம்மது அலி ஷிஹாப் என்பவரின் வாழ்வு சான்றாகும். மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த இவர் 1991இல் தந்தையை இழந்தார். பிள்ளைகள் அனைவரையும் காப்பாற்ற வழியற்ற தாய், இவரை முக்கம் இல்லத்தில் சேர்த்தார். அங்குப் பத்தாண்டுகள் வளர்ந்த இவர், 2011இல் குடிமைப் பணித் தேர்வில் வெற்றி பெற்று, இந்திய ஆட்சிப் பணி அலுவலராக நாகாலாந்தில் பொறுப்பேற்றார். தமது இளமைக் காலத்தை மலையாளத்தில் ஒரு நூலாகவும் எழுதியுள்ளார். இவ்வெற்றியைப் போற்றும் அதே வேளையில் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இச்சிறுவனுக்கும் தாய் இருந்தார்.

பெண் குழந்தைகள்

பெண் குழந்தைகளுக்குத் தனி விடுதிகள் உள்ளன. பள்ளிக் கல்வியுடன் தையல் முதலிய கைத்தொழில்களும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டு வந்தன. அண்மைக் காலத்தில் ஆசிரியப் பயிற்சி, செவிலியர் கல்வி, கணினிப் பயிற்சி ஆகியவற்றில் நாட்டம் மிகுந்துள்ளது. இல்லத்தைவிட்டு வெளியேறும் பெண்ணின் திருமணமும் நிருவாகத்தின் கவலையாகவே இருந்துள்ளது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே இயற்றப்பட்டபோதும், கொடுமை ஒழியவில்லை. இந்நிலையில், வயநாடு முஸ்லிம் அநாதை இல்லம் வரதட்சணையற்ற கூட்டுத் திருமணங்களை நடத்திக் காட்டியது. பிற சமய இணைகளுக்கும் அவரவர் முறைப்படி திருமணம் செய்ய அது உதவியது குறிப்பிடத்தக்கது.

சட்டமும் மேற்பார்வையும்

அற இல்லங்களை மேற்பார்வையிடுவதற்கான மத்தியச் சட்டம் 1960இல் நிறைவேறியது. அதன்கீழ் கேரளத்தில் கட்டுப்பாட்டு வாரியம் ஒன்று அமைந்து, இல்லங்களுக்கு அங்கீகாரமும் மானியமும் அளித்து வந்தது. பின்னர் வந்த 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் அடிப்படையையே மாற்றியது. அரசு நடத்தினும் தன்னார்வ நிறுவனம் நடத்தினும், பராமரிப்புத் தேவைப்படும் குழந்தைகளை வைத்திருக்கும் ஒவ்வோர் இல்லமும் இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டும். ஒரு குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதா என்பதை மாவட்டக் குழந்தைகள் நலக் குழு தீர்மானிக்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இல்லப் பராமரிப்பு என்பது பிற வழிகள் அனைத்தும் அடைபட்டபின் நாட வேண்டிய இறுதி வழி என்று சட்டம் வகுத்துரைக்கிறது.

2017 மே 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, எல்லா இல்லங்களும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு பெற வேண்டும் என்று ஆணையிட்டது. இவ்வழக்கு தமிழ்நாட்டின் மாமல்லபுரத்தில் குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமை பற்றிய செய்தியிலிருந்து 2007இல் எழுந்ததாகும். கேரள இல்ல நிருவாகங்கள் பல, தங்களிடம் இருப்போர் கல்விக்காக வந்த ஏழைக் குழந்தைகளே, கைவிடப்பட்டவர்கள் அல்லர் என வாதிட்டன. இதன் விளைவாகச் சில இல்லங்கள் பதிவு பெற்றன, சில மாணவர் விடுதிகளாக மாறின, சில மூடப்பட்டன.

இவ்வாதத்தில் உண்மையில்லாமல் இல்லை. ஆயினும் மறுபக்கமும் உண்டு. 2014 மே மாதத்தில் பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து 500க்கும் மேற்பட்ட குழந்தைகள் ரயிலில் பாலக்காடு வந்திறங்கினர். அவர்களுள் பலரிடம் உரிய ஆவணங்கள் இல்லையென்று தெரிந்தபோது நாடெங்கும் கேள்வி எழுந்தது. கல்வி தரும் நல்லெண்ணம் மெய்யே எனினும், மொழி தெரியாத ஊரில், தாயிடமிருந்து ஆயிரம் மைல் தொலைவில் வளரும் குழந்தைக்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்கு விடை வேண்டியிருந்தது. அதற்குத்தான் பதிவேடும் ஆய்வும் தேவைப்படுகின்றன.

தாயின் பக்கத்தில் குழந்தை

வருவாயற்ற தாய்க்கு இரண்டே வழிகள் இருந்து வந்தன. குழந்தையை உடன் வைத்துக்கொண்டு அதன் படிப்பை இழப்பது ஒன்று. படிப்பின் பொருட்டுக் குழந்தையைப் பிரிவது மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் துன்பத்தை அவளுக்கு வைக்காத மூன்றாவது வழி ஒன்று தேவை.

அவ்வழி சமய மரபிலேயே உள்ளது. யதீமின் பொறுப்பை ஏற்று, அதன் குலப்பெயரை மாற்றாமல் பேணும் முறைக்குக் ‘கஃபாலா’ என்று பெயர். 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை, குடும்பச் சூழலை இழந்த குழந்தைக்கான மாற்றுப் பராமரிப்பு வழிகளுள் இதனையும் பெயர் குறித்துச் சேர்த்துள்ளது. இந்தியா 1992இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றது. கஃபாலாவின் உதவியைக் குழந்தை தாயிடம் இருக்கும் வீட்டுக்கே கொண்டு சேர்க்கவும் இயலும். பல முஸ்லிம் அறநிலையங்கள் இன்று குழந்தையைத் தாயிடமே விட்டு, மாதந்தோறும் உதவித்தொகை வழங்கி, படிப்பைக் கண்காணிக்கும் முறையை மேற்கொண்டுள்ளன.

அரசின் திட்டமும் இதே திசையில் செல்கிறது. 2022இல் நெறிமுறைகள் வெளியிடப்பட்ட ‘மிஷன் வாத்சல்யா’ திட்டம், கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயுடன் வாழும் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை அளிக்க வகை செய்துள்ளது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், பிற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாதிருத்தல் வேண்டும். பதினெட்டு வயதில் இல்லத்தைவிட்டு வெளியேறும் இளைஞர்க்கு இருபத்தொரு வயது வரை பின்பராமரிப்பு அளிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

செய்யத் தக்கன

இதனால் இல்லங்களே வேண்டா என்று முடிவு கட்டுவது பொருந்தாது. பெற்றோர் இருவரையும் இழந்து, உறவினரும் ஏற்காத குழந்தைகள் உள்ளனர். வீடே ஆபத்தாக அமைந்துவிட்ட குழந்தைகளும் உள்ளனர். அவர்களுக்கு இல்லம் இன்றியமையாதது. மற்றக் குழந்தைகளைப் பொறுத்தவரை, நூறாண்டு அனுபவம் பெற்ற இவ்வறநிலையங்கள் தம் நிதியையும் ஊரார் நம்பிக்கையையும் வீட்டோடு கூடிய பராமரிப்புக்குத் திருப்பலாம். அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க எழுத்தறியாத தாய்க்குத் துணை நிற்கலாம். தம் பள்ளிகளில் அக்குழந்தைகளைப் பகல்நேர மாணவராக ஏற்கலாம்.

அலுவலர்களின் கடமையும் சிறிதன்று. ஆய்வுக்குச் செல்பவர் படுக்கைகளையும் பதிவேடுகளையும் எண்ணுவதோடு நின்றுவிடாது, ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இக்குழந்தையின் தாய் எங்கே இருக்கிறாள்? அவளுக்கு மாதந்தோறும் ஓர் உதவி கிடைக்குமாயின் இக்குழந்தை இன்றிரவு அவளிடம் உறங்க இயலுமா? இயலும் என்பது விடையானால், அவ்வுதவியைப் பெற்றுத் தருவதே அந்த ஆய்வின் முதற் பணியாகும். 1922இலும் 1943இலும் திக்கற்ற குழந்தைகளுக்குக் கூரை அமைத்த பெருமக்களின் நோக்கமும் அக்குழந்தைகளின் வாழ்வு மலர வேண்டும் என்பதே அன்றோ!