முப்பது தாள், ஒரு பந்து

ஓரிகாமி என்பது சதுரத் தாளை வெட்டாமல் ஒட்டாமல், மடித்து மட்டுமே உருவம் செய்யும் ஜப்பானியக் கலை. மழைநாளில் கத்திக்கப்பல் செய்து விட்டவர்களுக்கு இதன் அடிப்படை ஏற்கெனவே தெரியும். ஊழியர்கள் கூடிச் செய்யும் பயிற்சியாக நிறுவனங்கள் இதைக் கையாளுகின்றன. தொழிலிடத்தில் ஓரிகாமி நுழைந்தது இன்று நேற்றல்ல. நவீன ஓரிகாமியின் முன்னோடி அகிரா யோஷிசாவா (1911–2005) இளமையில் தொழிற்சாலை ஊழியர். இளைய தொழிலாளர்களுக்கு வடிவியல் கற்பிக்க அவர் எடுத்துக்கொண்ட கருவி தாள் மடிப்பு.

தாளை மடித்து வடிவியல் கற்பிக்கும் வழியைத் தமிழகம் அதற்கும் முன்பே கண்டிருந்தது. சென்னை மாகாண வருவாய்த்துறையில் பணியாற்றிய தண்டலம் சுந்தர ராவ், 1893-இல் இதற்கென்றே ஓர் ஆங்கில நூலைச் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதைச் சுட்டிக்காட்ட, 1901-இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. நம் பள்ளிகளில் இன்னும் பரவலாக அறியப்பட வேண்டிய பெயர் இது.

குழுப் பயிற்சிக்கு மிகப் பொருத்தமானது சோனோபே அலகு. மிட்சுனோபு சோனோபேயின் பெயரால் வழங்கும் இது, ஒரு தாளை இணைகர வடிவில் மடித்துச் செய்யும் துண்டு. அதில் செருகுவதற்கு இரு நாக்குகளும், அவற்றை ஏற்க இரு பைகளும் இருக்கும். 6 அலகுகளைச் செருகினால் கனசதுரம் கிடைக்கும். 30 சேர்ந்தால் கூர்முனைகள் கொண்ட பந்து. ஏ4 தாள் ஒன்றில் 10.5 செ.மீ. சதுரங்கள் நான்கு கிடைப்பதால், 8 தாள்களில் பந்துக்கு வேண்டியது போக இரண்டு சதுரங்கள் மிஞ்சும். ஒரு சிறு கூட்டுறவுச் சங்கமும் இந்த எட்டுத் தாள் செலவில் இதை நடத்தலாம்.

ஆளுக்குச் சில அலகுகள் வீதம் பிரித்துக்கொள்வது எளிது. ஒரே மாதிரி மடிப்பதில்தான் சிக்கல். ஒருவர் மூலையை வலப்புறமாகவும் மற்றவர் இடப்புறமாகவும் மடித்தால், கண்ணாடிப் பிம்பம்போல் இருவகை அலகுகள் உருவாகும். அவை ஒன்றோடொன்று பொருந்தாது. ஆகவே முதல் தாளைத் தொடுமுன் எந்தப் பக்கம் மடிப்பது என்று எல்லோரும் பேசி முடிவெடுத்தாக வேண்டும். மடிப்பு கூர்மையாக இல்லாவிட்டாலும் நாக்கு பைக்குள் நிற்காமல் நழுவும். பிழை எங்கே என்பதைத் தாளே காட்டிவிடுவதால், யாரும் யாரையும் குறைசொல்லத் தேவையில்லை.

இன்னொரு வகையில், இருவர் முதுகோடு முதுகாக அமர்கிறார்கள். ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் கேட்டு மடிக்கிறார். ‘இந்தப் பக்கம்’, ‘அந்த மூலை’ என்ற சொற்கள் இங்கே செல்லாது.

இரண்டிலும் மேலாளர் தம் பங்குத் தாளை மடித்தே ஆக வேண்டும். மேற்பார்வை மட்டும் பார்த்தால் பயிற்சி வீண்.