பன்றிக்கும் உரிமை உண்டு... இங்கிலாந்தில் 900 வருட மேய்ச்சல் காடு!

சாலை நடுவில் ஒரு தாய்ப்பன்றி. அதன் பின்னால் வரிசையாக எட்டுக் குட்டிகள். இந்தப் பக்கம் நான்கு கார்கள், அந்தப் பக்கம் ஒரு பேருந்து. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. பன்றி நிதானமாக எதிர்ப்பக்கத்து ஓக் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வண்டிகள் நகர்ந்தன.

"இங்க மாடு, குதிரை, பன்றிக்குத்தாம்ப்பா முதல் மரியாதை. நாமதான் நிக்கணும்" என்றாள் மகள்.

இங்கிலாந்தின் தென்கரையில் சவுத்தாம்ப்டன் நகரத்தில் மகளும் மாப்பிள்ளையும் வேலை பார்க்கிறார்கள். போன அக்டோபரில் அங்கே போயிருந்தேன். ஏழு கறவை மாடும் இருபது ஆடும் வைத்திருப்பவன் இரண்டு மாதம் ஊரைவிட்டுக் கிளம்புவது லேசான காரியமில்லை. 'நான் பார்த்துக்கறேன், போயிட்டு வாங்கண்ணா' என்று தம்பி சொன்னதால்தான் முடிந்தது. அங்கே போயும் கடைத்தெருவில் மனசு ஒட்டவில்லை. "மாடு மேயுற இடம் ஏதாச்சும் இருந்தா காட்டும்மா" என்று கேட்டேன். ரயிலில் கால் மணி நேரம்தான். பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரில் இறங்கினோம். அங்கிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் நியூ ஃபாரஸ்ட் காடுதான்.

பெயர் 'புதுக்காடு'. வயது 900-ஐத் தாண்டிவிட்டது. பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த முதலாம் வில்லியம் அரசர், 1079 வாக்கில் தன் மான் வேட்டைக்காக இந்த வட்டாரத்தை ஒதுக்கினார். 1086-ல் எடுத்த நிலக்கணக்கு ஏட்டிலேயே 'புதுக்காடு' என்று பதிவாகியிருக்கிறது. அந்தக் காலத்தில் 'ஃபாரஸ்ட்' என்றால் மரக்கூட்டம் என்று அர்த்தமில்லை. அரசரின் வேட்டைச் சட்டம் செல்லும் எல்லை என்று அர்த்தம். அதற்குள் மரக்காடு, முட்புதர் மேடு, சதுப்பு, புல்வெளி, கிராமங்கள் எல்லாம் அடக்கம். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. 2005-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு சுமார் 566 சதுர கிலோமீட்டர். ஊருக்கும் காட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது.

அரசரின் மான் தடையில்லாமல் ஓட வேண்டுமே, அதனால் குடியானவன் தன் வயலுக்கு வேலி போடக் கூடாது என்பது அன்றைய சட்டம். பயிரை மான் தின்றாலும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மானைத் தொட்டால் கடும் தண்டனை. பெரிய நாய் வைத்திருந்தால் அதன் முன்கால் நகங்களைத் தறித்துவிடுவார்கள். நாய் பெரியதா சிறியதா என்று அளக்கப் பயன்பட்டதாகச் சொல்லும் இரும்பு அங்கவடி ஒன்று, லிண்ட்ஹர்ஸ்ட் ஊரில் இருக்கும் காட்டு நீதிமன்றச் சுவரில் இன்றும் தொங்குகிறது. அங்கவடி என்றால் குதிரையில் ஏறக் கால் வைக்கிற வளையம். அதற்குள் நுழைய முடிகிற நாய் தப்பித்தது.

இவ்வளவு கெடுபிடிக்கும் ஈடாகக் குடியானவனுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். காட்டில் கால்நடையை விட்டுக்கொள்ளும் உரிமை. 1217-ல் வந்த காட்டுச் சாசனம், மேய்ச்சலையும் பன்றி விடுவதையும் எழுத்தில் உறுதி செய்தது. அரசரின் வேட்டை என்றைக்கோ போய்விட்டது. மேய்ச்சல் மட்டும் இருக்கிறது.

பிஸ்கட்டால் வந்த பழக்கம்

ஊரைத் தாண்டியதும் புல்வெளி. கத்தரிக்கோலால் வெட்டியது போல அவ்வளவு கட்டையான புல். வெட்டியது குதிரைகளின் பற்கள்தான். நம் ஊர்க் குதிரையைவிடக் குட்டையான, கட்டுமஸ்தான போனிகள். இந்தக் காட்டில் மட்டும் சுமார் 5,000 போனிகள் மேய்கின்றன. மாடு, கழுதை தனி. மேய்ப்பவர் என்று ஒரு ஆள் கண்ணில் படவில்லை.

ஒரு போனி கிட்டே வந்து முகர்ந்தது. சட்டைப்பையில் இருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன். பின்னாலிருந்து ஒரு அதட்டல். ரப்பர் பூட்ஸ் போட்ட, அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. நான் விழித்ததைப் பார்த்து மகள் பேசினாள். "கொடுக்காதீங்கன்னு சொல்றாங்கப்பா. ஒரு தடவை தின்னா அது ரோட்டோரமே நிக்கப் பழகிடுமாம். அப்புறம் கார்ல அடிபட்டுச் செத்துடுமாம்."

வெட்கமாகப் போய்விட்டது. நானும் மாடு வைத்திருப்பவன் என்று மகளைச் சொல்லச் சொன்னேன். எத்தனை உருப்படி என்று கேட்டார். அப்புறம் என்ன, இரண்டு மணி நேரம் அவர் பின்னாலேயே நடந்தோம்.

அவருக்குப் பன்னிரண்டு போனிகள், ஆறு மாடுகள், இரண்டு தாய்ப்பன்றிகள். சொந்த நிலம் ஐந்து ஏக்கர். அதை வைத்துக்கொண்டு இவ்வளவையும் காப்பாற்ற முடியாது. காடுதான் மேய்க்கிறது. இவரைப் போன்றவர்களை 'காமனர்' என்கிறார்கள். மேய்ச்சல் உரிமைக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த உரிமை ஆளுக்குச் சொந்தமில்லை, சாதிக்கும் குடும்பத்துக்கும் சொந்தமில்லை. வீட்டோடும் நிலத்தோடும் ஒட்டியது. அந்த வீட்டில் யார் குடியிருக்கிறாரோ, வாடகைக்கு இருந்தாலும், அவருக்குத்தான் உரிமை. எந்த நிலத்துக்கு எந்த உரிமை என்று 1850-களில் விசாரித்துப் பதிவேடு எழுதி வைத்திருக்கிறார்கள். மேய்ச்சலுக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று, விறகுக்கு ஒன்று என உரிமைகள் தனித்தனி. அடுப்பெரிக்கச் சதுப்பு மண்கட்டி வெட்டிக்கொள்ளும் உரிமையும் இருந்தது. ஒரு கட்டி வெட்டினால் பக்கத்தில் இரண்டை விட்டுவைக்க வேண்டும், அப்போதுதான் மண் மறுபடி மூடும். இப்போது யாரும் அதை எரிப்பதில்லை.

அன்று இரவு போனில் சொன்னபோது தம்பி கேட்ட முதல் கேள்வி, "மேய்ப்பவனே இல்லைன்னா எது யாருதுன்னு எப்படிண்ணா தெரியும்?"

ஒவ்வொரு போனிக்கும் சொந்தக்காரரின் சூட்டு முத்திரை உண்டு. ஒவ்வொரு உருப்படிக்கும் வருஷா வருஷம் கட்டணம் கட்ட வேண்டும். கட்டியதற்கு ரசீது, வாலில்தான்! காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து 'அஜிஸ்டர்' என்கிற காவலர்களைப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் குதிரையேறிச் சுற்றுகிறவர்கள். இலையுதிர் காலத்தில் காமனர்களோடு சேர்ந்து போனிகளை வளைத்துப் பட்டிக்குள் அடைத்து, குடற்புழு மருந்து கொடுத்து, வால் முடியைப் படிப்படியாக வெட்டிவிடுகிறார்கள். எந்தப் பகுதி அஜிஸ்டர் என்பதைப் பொறுத்து வெட்டும் மாதிரி மாறும். வெட்டிய வாலைப் பார்த்தாலே பணம் கட்டிய உருப்படி, எந்தப் பக்கத்துக்காரருடையது என்று தெரிந்துவிடும். அது தவிர, போனிகள் கண்ட இடத்துக்கு ஓடுவதில்லை. தாய் மேய்ந்த இடத்தைக் குட்டி பழகிக்கொண்டு அங்கேயே சுற்றும்.

பொலிக்குதிரை விஷயத்தில் கறாராக இருக்கிறார்கள். தேர்வு செய்த சில பொலிக்குதிரைகளை மட்டும் வருடத்தில் சில வாரங்கள் காட்டில் விடுகிறார்கள். மற்ற நாளில் ஒன்றுகூட வெளியில் இருக்கக் கூடாது. குட்டிகள் அதிகமாகி விலை படுத்துவிடாமல் இருக்கவும், தரம் கெடாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு.

ஓக் கொட்டையும் பன்றியும்

நாங்கள் போனது ஓக் கொட்டை உதிரும் பருவம். காலடியில் நெறுநெறுவென்று மிதிபட்டது. பச்சைக் கொட்டை போனிக்கும் மாட்டுக்கும் விஷம். அதிகம் தின்றால் செத்தேபோகும். பன்றிக்கோ அதுதான் விருந்து. அதனால் செப்டம்பர் வாக்கில் பன்றிகளை அவிழ்த்துவிட்டு, குறைந்தது 60 நாள் மேயவிடுகிறார்கள். கொட்டை அதிகம் காய்த்த வருடத்தில் நாளை நீட்டிப்பார்கள். பன்றி கொழுக்கிறது, மாடு பிழைக்கிறது. மூக்கால் மண்ணைக் கிளறாமல் இருக்க மூக்கில் வளையம் மாட்டியிருக்கிறார்கள். கொட்டையைப் பொறுக்கித் தின்ன வளையம் தடையில்லை, வேரைத் தோண்டத்தான் முடியாது.

அந்த அம்மா ஒரு பழைய ஓக் மரத்தைக் காட்டினார். தரையிலிருந்து ஓர் ஆள் உயரம் வரை ஒற்றை அடிமரம். அதற்கு மேல் கைவிரல் போல ஏழெட்டுப் பெருங்கிளைகள். முன்னொரு காலத்தில் மாட்டு வாய்க்கு எட்டாத உயரத்தில் தலையை வெட்டிவிட்டு, துளிர்க்கும் கிளைகளை விறகுக்கும் தழைக்கும் கழித்துக்கொண்டார்கள். நாம் பூவரசையும் கிளுவையையும் கழிக்கிறோமே, அதே வேலைதான். இந்தக் காட்டின் பேர்போன நைட்வுட் ஓக் மரமும் அப்படித் தலை வெட்டப்பட்டதுதான். சுற்றளவு 7 மீட்டருக்கு மேல். வெட்டு வாங்கிய மரம் சீக்கிரம் சாகும் என்று நினைப்போம். அங்கே நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்பவை பெரும்பாலும் வெட்டு வாங்கியவைதான்.

1698-ல் இந்தத் தலைவெட்டைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அரசாங்கத்துக்குக் கப்பல் கட்ட முழு மரம் வேண்டியிருந்தது. பக்கத்தில் பக்ளர்ஸ் ஹார்ட் என்ற ஆற்றங்கரையில்தான், நெல்சன் பின்னாளில் தலைமை ஏற்ற அகமெம்னான் போர்க்கப்பலை 1781-ல் கட்டி இறக்கினார்கள். அந்த ஒரு கப்பலுக்கு மட்டும் சுமார் 2,000 ஓக் மரங்கள் என்று சொல்கிறார்கள்.

காமனர்களுக்குப் பெரிய கண்டம் வந்தது 1851-ல். மான்களை ஒழித்துவிடுகிறோம், அதற்குப் பதில் 10,000 ஏக்கரை வேலியடைத்து மரம் நட்டுக்கொள்கிறோம் என்று அரசுத் தரப்பு சட்டம் கொண்டுவந்தது. வேலி விழுந்ததெல்லாம் நல்ல புல் இருந்த இடங்கள். சிறு குடியானவர்கள் கத்தினார்கள். காட்டின் அழகுக்காகப் படித்தவர்களும் நிலக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கால் நூற்றாண்டு இழுபறிக்குப் பிறகு 1877-ல் வந்த சட்டம் வேலிக்கு வரம்பு கட்டியது. அதோடு, அரசரின் மானைக் காக்க ஏற்பட்ட 'வெர்டரர்' என்ற பழைய நீதி அமைப்பை, காமனர்களின் உரிமையைக் காக்கும் அமைப்பாகத் திருப்பிவிட்டது. திருடனைப் பிடிக்க வந்த காவல்காரனை வீட்டுக்காரனுக்கே வேலைக்கு வைத்தது போல.

புதன்கிழமை கோர்ட்

அந்தக் கோர்ட்டைப் பார்க்காமல் விடுவேனா? மாதத்தின் மூன்றாவது புதன்கிழமை, லிண்ட்ஹர்ஸ்டில் கூடுகிறது. மொத்தம் பத்து வெர்டரர்கள். ஐந்து பேர் தேர்தலில் வருகிறவர்கள், மற்றவர்கள் நியமனம். தலைமை அஜிஸ்டர் எழுந்து வலக்கையைத் தூக்கிப் பழைய பாணியில் கூவி அழைத்தார். குறை சொல்ல விரும்பும் யாரும் முன்னால் போய்ச் சொல்லலாம். வக்கீல் தேவையில்லை. சாலையோரப் புல்லில் கார் நிறுத்திப் புல்லைக் கொல்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். ஒருவருடைய நாய் கன்றைத் துரத்தியது என்று இன்னொருவர். உடனே தீர்ப்பு இல்லை. வெர்டரர்கள் கேட்டுக்கொண்டார்கள், கூடிப் பேசிப் பிறகு பதில் சொல்வார்களாம். எனக்கு அது கொஞ்சம் சப்பென்று இருந்தது. ஆனால், மேய்ச்சலுக்கென்றே ஒரு கோர்ட் இருக்கிறது, அதில் பாதிப் பேர் ஓட்டு வாங்கி வந்தவர்கள் என்பதை நினைத்தபோது எங்கள் ஊர் மேய்க்கால் புறம்போக்கு ஞாபகம் வந்தது.

வெளியே வந்தபோது அந்த அம்மாவும் இருந்தார். "கோர்ட் இருக்கு, சட்டம் இருக்கு. அப்ப உங்களுக்குக் கவலையே இல்லையே?" என்று கேட்கச் சொன்னேன். சிரித்தார்.

"ராஜா காலத்துல வேலி பயம். இப்ப வீட்டு விலை பயம்" என்றார். காடு அழகாக இருப்பதால் நகரத்துப் பணக்காரர்கள் இங்கே வீடு வாங்குகிறார்கள். விலை ஏறிவிட்டது. அவர் மகனுக்கு மாட்டில் நல்ல கைவாகு. ஆனால் இங்கே வீடு வாங்க வழியில்லாமல் 40 கிலோமீட்டர் தள்ளி வாடகைக்கு இருக்கிறான். உரிமை வீட்டோடு ஒட்டியது அல்லவா? காட்டுக்கு வெளியே குடிபோனவனுக்கு ஒரு போனிகூட விட முடியாது. உரிமையுள்ள வீட்டை வாங்கியவரோ மாடு வளர்க்கத் தெரியாதவர். போனிக்குட்டி விற்கிற காசு குளிர்காலத் தீவனத்துக்கே சரியாகிவிடுகிறது. அவர் கணவர் தச்சு வேலைக்குப் போய்த்தான் குடும்பம் ஓடுகிறது.

"நாங்க விட்டுட்டா என்ன ஆகும் தெரியுமா? பத்து வருஷத்துல இந்தப் புல்வெளியெல்லாம் முட்செடியும் பிர்ச் மரமும் மண்டிடும். பார்க்க வர்றவங்க எதைப் பார்க்க வர்றாங்களோ, அதுவே இருக்காது."

அவருடைய சினைக்குதிரை ஒன்று இரண்டு வருடத்துக்கு முன் இரவில் கார் மோதிச் செத்திருக்கிறது. காட்டுச் சாலைகளில் மணிக்கு 40 மைல்தான் வேகம். போனிகளின் கழுத்தில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை கட்டியிருக்கிறார்கள். அப்படியும் வருடா வருடம் அடிபடுகின்றன. அன்று நள்ளிரவில் அஜிஸ்டர்தான் கதவைத் தட்டிச் சொன்னாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்தது. பிராக்கன்ஹர்ஸ்ட் வழியாகத் திரும்பினோம். அந்த ஊரில் 'மீரட் ரோடு' என்று ஒரு தெரு இருக்கிறது. முதல் உலகப்போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு இங்கே மருத்துவமனை நடந்ததன் அடையாளம் அது. அந்த அம்மாவின் வீடு வழியில்தான். வாசலில் மரக்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். என்ன என்று கேட்டோம். பெரிய தாய்ப்பன்றி இன்னும் வரவில்லையாம். குட்டி ஈனும் பன்றி இரவில் வீடு திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. மகள் கார் விளக்கைத் தாழ்த்தினாள். நாங்களும் இறங்கி நின்றோம். கொஞ்ச நேரத்தில் புதர்ப்பக்கம் சருகுச் சத்தம் கேட்டது. வயிறு தரையில் உரச, அவசரமே இல்லாமல் அது வந்துகொண்டிருந்தது.