வாக்கு நம்முடையது, நீக்கும் அதிகாரம் யாருடையது?

2015 டிசம்பர் 28 அன்று, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் அறங்காவலர் குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஜேம்ஸ் ஹெயில்மன் குழுவிலிருந்து நீக்கப்படுகிறார் என்பதுதான் செய்தி. ஏன் என்று தீர்மானத்தில் ஒரு சொல் இல்லை. ஆதரவு 8, எதிர்ப்பு 2. எதிர்த்த இருவரில் ஒருவர் ஹெயில்மன்.

கனடாவில் அவசர சிகிச்சை மருத்துவர் அவர். பல ஆண்டுகளாக ஆங்கில விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளைச் செப்பனிட்டு வந்தவர். அந்த ஆண்டு மே மாதம் நடந்த தேர்தலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விக்கிப்பீடியர்கள் வாக்களித்து, மூவரைத் தேர்ந்தெடுத்தார்கள்; அவர்களில் இவரும் ஒருவர். 300 தொகுப்புகள் (திருத்தங்கள்) செய்திருக்க வேண்டும், கடைசி ஆறு மாதத்தில் 20 தொகுப்பாவது செய்திருக்க வேண்டும். இந்தத் தகுதி இருந்தால் யாரும் வாக்களிக்கலாம். தமிழில் எழுதுபவரின் வாக்குக்கும் ஆங்கிலத்தில் எழுதுபவரின் வாக்குக்கும் ஒரே மதிப்பு. அப்படி வந்தவரை அந்த ஆண்டு முடிவதற்குள் எட்டுப் பேர் சேர்ந்து வெளியே அனுப்பினார்கள். வாக்களித்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

சட்டப்படி கேட்க வேண்டியதும் இல்லை. அந்த அறக்கட்டளை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பதிவானது. உறுப்பினர்கள் என்று அதற்கு எவரும் கிடையாது. தேர்தல் முடிவு சட்டத்தின் கண்ணுக்கு வெறும் பரிந்துரை. நியமிப்பது குழு, பெரும்பான்மை இருந்தால் நீக்குவதும் அதே குழு. ஆயிரக்கணக்கானோர் கூடிச் செய்த முடிவை ஒரு கூட்டத்தில் கலைத்துவிடலாம் என்றால், அந்தத் தேர்தலுக்கு என்ன பெயர் வைப்பது?

விக்கிப்பீடியர்களுக்கு இது ஏன் இவ்வளவு வலித்தது என்று புரிய, தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து ‘வரலாறு’ என்பதைச் சொடுக்கிப் பாருங்கள். ஒரு ஒற்றெழுத்தைத் திருத்தியவர் யார், எந்த நாள், எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று வரிசையாக நிற்கும். முந்தைய வடிவமும் புதிய வடிவமும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். சண்டை வந்தால் பேச்சுப் பக்கத்தில் வரும். பெரிய சண்டை என்றால் ‘ஆலமரத்தடி’க்குப் போகும். பொதுவான பேச்சுக்கு அங்கே வைத்த பெயரே அதுதான். கோபத்தில் சொன்ன சொல்லைக்கூட, அழித்தாலும் வரலாற்றில் தேடி எடுக்கலாம். சந்திப் பிழைக்குக்கூடக் கணக்கு வைத்துப் பழகிய மக்கள் அவர்கள். தாங்கள் அனுப்பிய பிரதிநிதியை நீக்கியதற்கு ஒரே வரிதான் கணக்கு என்றால் எப்படி ஏற்பார்கள்?

அவர் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று குழு பிறகு விளக்கம் சொன்னது. வெளிப்படைத்தன்மைக்காக வாதாடியதுதான் தம் குற்றம் என்றார் ஹெயில்மன். யார் சொல்வது எவ்வளவு சரி என்று அன்று வெளியில் இருந்தவர்களால் அளக்க முடியவில்லை. 2016 பிப்ரவரியில் ஒரு ஆவணம் வெளியானது. தேடுபொறி போன்ற ஒரு திட்டத்தை ஆராய நைட் என்ற வேறொரு அறக்கட்டளை விக்கிமீடியாவுக்கு 2,50,000 டாலர் கொடுத்த ஒப்பந்தம் அது. அதில் எழுதியிருந்ததற்கும் சமூகத்திடம் சொல்லப்பட்டதற்கும் இடைவெளி இருந்ததைப் பலரும் பார்த்தார்கள். அந்த மாதமே விக்கிமீடியா அறக்கட்டளையின் செயல் இயக்குநர் லைலா ட்ரெடிகோவ் பதவி விலகுவதாக அறிவித்தார்.

இடையில், ஜனவரியில், இன்னொன்று நடந்தது. குழு தானாக அறங்காவலராக நியமித்த அர்னான் கெஷூரி கூகுளில் ஆளெடுப்புப் பொறுப்பில் இருந்த காலம் பற்றிக் கேள்விகள் எழுந்தன. விக்கிப்பீடியர்கள் நம்பிக்கையில்லா வாக்கெடுப்பு ஒன்றைத் தாங்களாகவே தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கானோர் கையொப்பமிட்டார்கள். அந்த வாக்கெடுப்புக்குச் சட்ட பலம் இம்மியளவும் இல்லை. ஆனாலும் மாதம் முடியும் முன்னே அவர் விலகினார். எல்லோர் பார்வையிலும் பதிவாகிற பெயர்களுக்கு ஒரு கனம் உண்டு என்பதை நான் இதில் பார்க்கிறேன்.

ரகசியமே கூடாது என்று சொல்ல வரவில்லை. தகராறுகளைத் தீர்க்கும் ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் வேலையைத் தொடங்கிய குழு அது. ஆண்டுதோறும் தேர்தல், வேட்பாளரை யார் வேண்டுமானாலும் எழுத்தில் கேள்வி கேட்கலாம், வாக்கு மட்டும் ரகசியம். துன்புறுத்தல் புகார், ஒருவரின் அந்தரங்கத் தகவல் எல்லாம் அவர்களிடம் வரும்போது கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கும். புகார் கொடுத்தவரைக் காப்பாற்ற வேறு வழியில்லை. ஆனால் புகாரைக் காக்கிற கதவு, தவறிய நடுவரையும் சேர்த்துக் காத்துவிடுகிறது. பொறுப்பில் தவறிய நடுவரைப் பதவிக்காலத்தின் நடுவே நீக்க, சக நடுவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும். வாக்களித்தவர்கள் அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கையெழுத்து திரட்டி நடுவரை இறக்கலாம் என்று வைத்தால், வழக்கில் தோற்றவர்கள் எல்லாம் திரட்டக் கிளம்பிவிடுவார்கள் என்பார்கள். நியாயமான பயம். ஜெர்மன் விக்கிப்பீடியா தன் நிர்வாகிகள் விஷயத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு மாதத்தில் 25 பேரோ ஆறு மாதத்தில் 50 பேரோ கேட்டால், அந்த நிர்வாகி மறுபடி தேர்தலுக்கு நிற்க வேண்டும். கையெழுத்து யாரையும் நீக்காது, எல்லோரிடமும் மறுபடி கேட்கவைக்கும், அவ்வளவுதான். எரிச்சலில் திரண்ட 25 பேரை, நிதானமாக வாக்களிக்கும் நூறு பேர் தோற்கடிக்கலாம். நேர்மையாக வேலை பார்த்தவர் முன்னைவிடத் தெம்பாகத் திரும்புவார். ஆங்கில விக்கிப்பீடியாவும் 2024இல் தன் நிர்வாகிகளுக்கு இதைப் போன்ற விதியை ஏற்றது. அங்கேயும் ஒரு மாதம், 25 பேர். நடுவர்களுக்கு அது பொருந்தாது. அறங்காவலர்கள் அதற்கு அருகிலேயே வருவதில்லை.

2017இல் ஹெயில்மன் மறுபடி போட்டியிட்டார். விக்கிப்பீடியர்கள் அவரை மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். இம்முறையும் அது பரிந்துரையாகத்தான் குழுவுக்குப் போனது. குழு அவரை நியமித்தது. எட்டுப் பேர் கைதூக்கி அவரை அனுப்பிய அதே மேசைக்கு அவர் திரும்பி வந்தார். அவரை அனுப்ப வழிவிட்ட விதியும் அங்கேயே இருந்தது.